ஒரு மூட்டை அரிசியும் பதினோரு தட்டும்

சின்னத்திரை கேள்வி – பதில்

கையில் காசில்லாத காலம், பெரிய குடும்பம், பின்னாளில் வசதியாக வாழும் ஒருவர் அதையெல்லாம் நினைத்துப் பார்ப்பது. இந்த வார்ப்பில் வந்த வெளிநாட்டுத் தொடர்களைப் பற்றியே இம்முறை கடிதங்கள் குவிந்திருக்கின்றன. ஆகவே பக்கம் முழுவதும் அவற்றுக்கே.

கே: ‘தி வால்டன்ஸ்’ தொடரை முழுசாகப் பார்க்க ஆசை. ஒவ்வொருவரும் ஒவ்வொரு வரிசை சொல்கிறார்கள். எதில் தொடங்கி எங்கே நிறுத்துவது? (திருச்சி வாசகர்)

ப: 1930-களில் வர்ஜீனியா மலைப்பகுதியில் வாழும் ஒரு பெரிய குடும்பத்தின் கதை சொல்லும் அமெரிக்கத் தொடர் இது. 1971 டிசம்பர் 19 அன்று அந்நாட்டின் சி.பி.எஸ். தொலைக்காட்சி ஒளிபரப்பிய ‘தி ஹோம்கமிங்’ என்ற தொலைக்காட்சிப் படத்தில் தொடங்குங்கள். தொடருக்கு அதுதான் விதை. 1933-ம் வருடக் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். வெளியூரில் வேலை பார்க்கும் அப்பா இருட்டிய பிறகும் வந்து சேரவில்லை. மூத்தவன் ஜான்-பாய் தேடிப் போகிறான். கதை அவ்வளவே.

பார்த்துவிட்டுத் தொடருக்குள் நுழைந்தால் ஒரு குழப்பம் வரும். படத்தில் அம்மா பாட்ரிசியா நீல், அப்பா ஆண்ட்ரூ டக்கன், தாத்தா எட்கர் பெர்கன். தொடரில் மூவருமே இல்லை. அந்த இடங்களுக்கு மைக்கேல் லேர்னெட், ரால்ஃப் வெய்ட், வில் கீர் வந்துவிட்டார்கள். ஏழு பிள்ளைகளும் பாட்டியாக வரும் எல்லன் கார்பியும் மட்டும் அப்படியே தொடர்ந்தார்கள். (மைக்கேல் என்பது ஆண் பெயர் ஆயிற்றே என்று திகைக்க வேண்டாம். அதனால்தான் பெயர்ப் பட்டியலில் ‘மிஸ் மைக்கேல் லேர்னெட்’ என்று போட்டார்கள்.)

1972 செப்டம்பர் 14 அன்று ‘தி ஃபவுண்ட்லிங்’ என்ற பகுதியோடு தொடர் ஆரம்பம். முதல் ஐந்து பருவங்களை வரிசை மாறாமல் பாருங்கள். கதைக்குள் வருடம் நகர்ந்துகொண்டே இருக்கிறது. 1933-ல் தொடங்கி 1946-ல் முடிகிறது. தாவித் தாவிப் பார்த்தால் பிள்ளைகள் திடீரென்று வளர்ந்து நிற்பார்கள். 1977-ல் ஐந்தாம் பருவம் முடிந்து ஜான்-பாயாக நடித்த ரிச்சர்ட் தாமஸ் விலகுகிறார். நேரம் குறைவு என்றால் அங்கே நிறுத்தலாம், பெரிய நஷ்டம் இல்லை. 1981-ல் தொடர் முடிந்த பிறகு ஆறு சிறப்புப் படங்கள் எடுத்தார்கள். அவற்றில் 1993-ல் வந்தது 1963-ல் நடக்கிறது. கணக்குப்படி ஜான்-பாய்க்கு நாற்பது தாண்டி வெகு நாளாகியிருக்க வேண்டும். திரையில் அப்படித் தெரியாது. பழைய முகங்களைப் பார்க்கலாம், வயதைக் கூட்டிப் பார்க்காதீர்கள்.

கே: அந்தக் குடும்பத்தை ஏழை என்று எப்படி நம்புவது? மாடி வீடு, லாரி, ரேடியோ, மேசை நிறையச் சாப்பாடு! (கோயம்புத்தூர் வாசகி)

ப: கேட்க வேண்டிய கேள்வி. இதற்கு அந்த வீட்டின் வரவு செலவைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வீடும் மலையும் பரம்பரைச் சொத்து, ஆகவே வாடகை இல்லை. மரம் சொந்த மலையில் வெட்டுவது, அறுப்பது வீட்டை ஒட்டிய சொந்த ரம்பப் பட்டறையில். பாலும் காய்கறியும் வீட்டிலேயே. வயிற்றுக்குப் பஞ்சமில்லை, பஞ்சமெல்லாம் ரொக்கத்துக்கு. அறுத்த பலகையை வாங்க ஆளில்லை. வாங்கினாலும் பணம் அப்புறம். ஆனால் காலணி, டாக்டர், லாரிக்குப் பெட்ரோல், ஜான்-பாயின் கல்லூரி என்று சில இடங்களில் காசு வைத்தே ஆக வேண்டும். அந்தத் தொடரின் நல்ல கதைகளில் பாதி இந்த இடங்களில்தான் பிறக்கின்றன. ஐக் காட்ஸியின் கடையில் பற்று எழுதி வாங்கும் காட்சிகளைக் கவனியுங்கள். வசனத்தைவிட அந்த நோட்டுதான் அதிகம் பேசும்.

1929-லிருந்து 1933-க்குள் அமெரிக்காவில் விலைவாசி ஏறக்குறைய கால்பங்கு இறங்கியது. விலை இறங்கினால் ஏழைக்கு நல்லதுதானே என்று தோன்றும். விளைபொருளின் விலை அதைவிட மோசமாக, பாதிக்கும் கீழே விழுந்தது. வாங்கிய கடனோ இறங்கவே இல்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவன் விவசாயி. 1933-ல் நாலு தொழிலாளரில் ஒருவருக்கு வேலை இல்லை. அந்த மார்ச்சில் ரூஸ்வெல்ட் பதவியேற்ற கையோடு நாடு முழுக்க வங்கிகளைச் சில நாள் மூடிவைத்தார். அதே வருடம் தொடங்கிய வனப்பணி முகாம்களில் சேர்ந்த இளைஞனுக்கு மாதம் 30 டாலர் சம்பளம். அதில் 25 டாலர் நேராக வீட்டுக்குப் போய்விடும், பையன் கையில் 5 டாலர். அன்றைக்கு ஒரு வீட்டில் 25 டாலர் ரொக்கம் என்ன பெறும் என்பதற்கு அந்த விதியே சாட்சி.

தொடர் கொஞ்சம் பூசி மெழுகியிருப்பதும் உண்மை. கதையை உருவாக்கிய எர்ல் ஹாம்னர் வர்ஜீனியாவின் ஸ்கைலர் என்ற சிற்றூர்க்காரர். அங்கே பிழைப்பு என்றால் மாக்கல் குவாரி. நம் ஊரில் கல்சட்டி கடைவார்களே, அதே இனத்துக் கல். 1930-களின் பொருளாதார வீழ்ச்சியான பெருமந்தத்தில் அந்தத் தொழில் படுத்தது. ஹாம்னரின் அப்பா வெளியூரில் வேலை பார்த்துவிட்டு வார இறுதியில் மட்டும் வீட்டுக்கு வருவார். பிள்ளைகள் எட்டு. படத்தில் அப்பா வெளியூரில் இருப்பது அந்த நிஜத்தின் மிச்சம். தொடருக்கு அது ஒத்துவராது, வாராவாரம் அப்பா சாப்பாட்டு மேசையில் இருந்தாக வேண்டும். அதனால்தான் தொடரின் அப்பா ஜான் வால்டனுக்குச் சொந்தப் பட்டறை கிடைத்தது. எழுத்தாளரின் இந்த ஒரு வசதி வறுமையின் முள்ளைப் பாதி முறித்துவிட்டது என்பதே எங்கள் கருத்து.

முள் குத்தும் பகுதிகளும் உண்டு. ‘தி ஸ்காலர்’ பகுதியில் கறுப்பின அண்டைவீட்டுப் பெண்மணி வெர்டி, படிக்கத் தெரியாததை மறைத்துவைத்து ஜான்-பாயிடம் ரகசியமாக எழுத்துப் பழகுகிறார். எழுதிய ஜான் மெக்ரீவிக்கு எம்மி விருது கிடைத்தது. ‘தி கான்ஃப்ளிக்ட்’ பகுதியில் புளூ ரிட்ஜ் பார்க்வே சாலைக்காக மலையை விட்டுக் கிளப்பப்படும் கிழவியாக பியூலா பாண்டி வருகிறார். அந்தச் சாலை வேலை நிஜத்தில் 1935-ல் தொடங்கியது. பக்கத்திலேயே ஷெனன்டோவா தேசியப் பூங்காவுக்காக நூற்றுக்கணக்கான மலைக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன.

கே: வால்டன்ஸில் வரும் பால்டுவின் சகோதரிகளின் ‘ரெசிப்பி’ என்னதான் அது? (சிவகாசி வாசகர்)

ப: சாராயம். நீதிபதி அப்பா விட்டுப்போன ‘பக்குவம்’ என்று அந்த இரண்டு முதிய பெண்மணிகளும் பவ்வியமாகக் காய்ச்சி வந்தவர்க்கெல்லாம் ஊற்றுவார்கள். வர்ஜீனியாவில் 1916-லேயே மதுவிலக்கு வந்துவிட்டது. நாடு தழுவிய மதுவிலக்கு 1933 டிசம்பர் 5-ல் முடிந்த பிறகும், வரி கட்டாமல் வீட்டில் காய்ச்சுவது குற்றம்தான். ஊருக்கே தெரிந்த விஷயம் காய்ச்சுகிறவர்களுக்கு மட்டும் தெரியாது என்பதுதான் வேடிக்கை.

கே: வால்டன்ஸில் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் விளக்கணைத்து ‘குட்நைட்’ சொல்வது சலிக்காமல் இருப்பது எப்படி? (நாகர்கோவில் வாசகி)

ப: முகங்களைக் காட்டாததால். திரையில் இருப்பது இரவில் அந்த வீட்டின் வெளித்தோற்றம், ஒன்றிரண்டு ஜன்னல்களில் வெளிச்சம், அவ்வளவுதான். குரல்கள் மட்டும் உள்ளிருந்து வருகின்றன. யார் எந்த அறை, யார் இன்னும் முழித்திருக்கிறார், யாருக்கு யார் மேல் கோபம் ஆறவில்லை என்பதையெல்லாம் கேட்பவர் தாமே ஊகிக்க வேண்டும். அன்றைய கதையில் எழுந்த பிணக்கின் கடைசி முடிச்சை அந்த ஏழெட்டு வரிகளில் அவிழ்ப்பார்கள், அல்லது ஒரு நகைச்சுவையில் விடுவார்கள். பிறகு கடைசி ஜன்னலும் இருளும்.

தயாரிப்புக் கணக்கிலும் இது கெட்டிக்காரத்தனம். வீட்டின் வெளிக்காட்சி ஒன்று கையில் இருந்தால் போதும். குரலைத் தனியாகப் பதிந்து சேர்த்துவிடலாம். பதினோரு நடிகர்களை ராத்திரியில் உட்காரவைக்க வேண்டாம். அதற்கு முன்னால் வரும் பெரியவனின் குரல், வளர்ந்து எழுத்தாளராகிவிட்ட ஜான்-பாய் பேசுவது. அதைப் பேசியவர் ஹாம்னரே.

கே: பத்துப் பேர் உட்கார்ந்து சாப்பிடும் ஏழைக் குடும்பக் காட்சி ஒன்றைக் குறும்படத்தில் எடுக்கப்போகிறோம். எங்கே சொதப்பும்? (மதுரை, திரைக்கலை மாணவர்)

ப: முதலில் இருக்கையில் சொதப்பும். யார் எங்கே உட்காருகிறார் என்று காகிதத்தில் வரைந்து படம் முழுதும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். குடும்பங்களில் இடம் மாறாது. ஒருநாள் ஒரு இடம் காலியாக இருந்தால் வசனமே தேவையில்லை. வால்டன் வீட்டு மேசையில் ஏழு பிள்ளைகள், அப்பா அம்மா, தாத்தா பாட்டி எனப் பதினோரு பேர். பருவங்கள் போகப் போக அதில் விழும் காலி இடங்கள்தான் கண்ணை உறுத்தும்.

அடுத்தது கேமரா. எல்லோரையும் சேர்த்த அகலக் காட்சியை முதலில் எடுங்கள். பிறகு ஒரு பக்கத்து ஆட்கள் அத்தனை பேரின் நெருக்கக் காட்சிகளையும் முடித்துவிட்டு, விளக்கை மாற்றி எதிர்ப்பக்கம் போங்கள். இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று எடுத்தால் விளக்கு மாற்றுவதிலேயே பகல் போய்விடும். பார்வைக் கோடு தவறும் ஆபத்தும் அதிகம். தங்கையைப் பார்த்துப் பேசுகிறவர் சுவரைப் பார்ப்பதுபோல் வரும். குழந்தைகளின் நெருக்கக் காட்சிகளை முதலில் முடியுங்கள். கலிஃபோர்னியாவில் பள்ளிவயதுக் குழந்தை நடிகருக்குப் படப்பிடிப்பு நாளிலும் 3 மணி நேரப் பாடம் கட்டாயம். நமக்கு அந்தச் சட்டம் பொருந்தாவிட்டாலும் குழந்தையின் பொறுமை எந்த ஊரிலும் ஒன்றுதான்.

சாப்பாட்டுக் கணக்கைப் போடாமல் இறங்காதீர்கள். பத்துத் தட்டு, ஆறு கோணம், கோணத்துக்கு மூன்று டேக் என்றால் 180 தட்டு. தட்டுக்கு ஒரு கரண்டி சோறு என்றே வைத்தாலும் பெரிய அண்டா வேண்டும். நிஜமாகச் சாப்பிடும் சிறுவன் மூன்றாவது டேக்கில் திணறுவான். எந்த வசனத்தில் யார் கை வாய்க்குப் போகிறது என்று எழுதி ஒட்டிவிடுங்கள். இல்லையென்றால் வெட்டி ஒட்டும்போது காலியான தட்டு மறுபடி நிறையும். குழம்பைவிடக் கெட்டியான பண்டம் தொடர்ச்சிக்கு நல்லது, தட்டில் ஓடாது.

ஏழ்மை தெரிய வேண்டுமானால் தட்டுகள் ஒரே ஜோடியாக இருக்கக் கூடாது. பாத்திரத்தின் அடியைக் கரண்டி சுரண்டும் சத்தம் கேட்க வேண்டும். யாருக்கு முதலில் பரிமாறுகிறார்கள், யார் கடைசி, கடைசி ஆளுக்கு எவ்வளவு மிஞ்சியது என்பதைக் காட்டுங்கள். அம்மா “எனக்குப் பசியில்லை” என்று சொல்லும் வசனத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். போதும் போதும் என்கிற அளவுக்கு வந்துவிட்டது.

கே: ‘ஓஷின்’ தொடரில் ஒரு மூட்டை அரிசிக்காக ஏழு வயதுப் பெண்ணை ஒரு வருட வேலைக்கு அனுப்புகிறார்களே, அது அவ்வளவு பெரிய தொகையா? அவர்கள் சாப்பிடும் முள்ளங்கிச் சோறு எப்படிச் செய்வது? (சேலம் வாசகி)

ப: ஓஷினை அனுப்புவது 1907-ல், ஜப்பானின் யாமகாட்டாவில். மூட்டை என்பது வைக்கோலால் முடைந்த ‘தவரா’. ஏறத்தாழ 60 கிலோ பிடிக்கும். ஜப்பானியரின் பழைய அளவுமுறையில் ஒரு ஆள் ஒரு வருடம் சாப்பிடும் அரிசிக்கு ‘கொக்கு’ என்று பெயர், சுமார் 150 கிலோ. ஆக ஒரு மூட்டை என்பது ஒரு ஆளுக்கு ஐந்து மாதத்துக்கும் குறைவு. எட்டுப் பேர் உள்ள வீட்டில் வயிறார உண்டால் 18 நாள்! குழந்தையின் ஒரு வருடத்துக்கு 18 நாள் சோறு.

அப்படியானால் ஏன் அனுப்பினார்கள்? வீட்டில் ஒரு வாய் குறையும் என்பதுதான் பெரிய லாபம். அதற்கென்றே ‘குச்சிபெராஷி’, அதாவது வாயைக் குறைப்பது, என்று ஒரு சொல் ஜப்பானிய மொழியில் இருக்கிறது. குத்தகை நிலத்தில் விளைந்ததில் பாதியளவு நிலக்காரருக்குப் போய்விடும். நெல்லை விளைவித்தவர் வீட்டில் அரிசிச் சோறு அபூர்வம். பனி மூடிய மொகாமி ஆற்றில் தெப்பத்தில் அந்தச் சிறுமி போகும் காட்சியைப் பார்க்கும்போது இந்தக் கணக்கு மனதில் இருந்தால், கரையில் நிற்கும் அப்பாவை வெறும் கொடியவராக நினைக்கத் தோன்றாது.

முள்ளங்கிச் சோற்றுக்கு ‘தைகோன்-மேஷி’ என்று பெயர். அரிசியைப் பெருக்கிக் காட்டும் உபாயம். நம் சமையலறைக்கு ஏற்ற அளவு: பொன்னிப் பச்சரிசி 1 டம்ளர் (200 மி.லி.), வெள்ளை முள்ளங்கி 250 கிராம், உப்பு அரை டீஸ்பூன். முள்ளங்கியைத் தோல் சீவி, அரை சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, உப்பில் பிசிறி 15 நிமிடம் வையுங்கள். ஊறிவரும் தண்ணீரை ஒட்டப் பிழிந்து கொட்டிவிடுங்கள். அரிசியை 20 நிமிடம் ஊறவைத்து வடித்து, 1¾ டம்ளர் தண்ணீரோடு அடி கனத்த பாத்திரத்தில் ஏற்றி, மேலே முள்ளங்கியைப் பரப்புங்கள். கிளற வேண்டாம். கொதி வரும்வரை திறந்து வையுங்கள், முள்ளங்கியின் நெடி ஆவியோடு போகட்டும். பிறகு மூடி, சிறு தீயில் 12 நிமிடம். அணைத்து 10 நிமிடம் கழித்துத் திறந்து கிளறுங்கள்.

குழைந்துபோனால் முள்ளங்கியை நீங்கள் சரியாகப் பிழியவில்லை. அது பெரும்பாலும் தண்ணீர்தான், வேகும்போது விட்டுக்கொண்டே இருக்கும். ஆறவைத்துச் சூடாக்கினால் நெடி திரும்பிவரும், சுடச்சுடச் சாப்பிடுங்கள். இந்த அளவு நம் நாக்குக்கானது. தொடரில் வரும் வீட்டில் அரிசியைவிட முள்ளங்கிதான் கண்ணில் படும். நெய் ஊற்றிக்கொள்ளத் தோன்றும், ஊற்றிக்கொள்ளுங்கள், ஓஷின் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

கே: ரூபவாஹினியில் ஓஷின் பார்த்து வளர்ந்தோம். ஏன் ஒவ்வொரு நாளும் கால்மணி நேரம்தான்? ஒரே பாத்திரத்துக்கு ஏன் மூன்று நடிகைகள்? (யாழ்ப்பாணம் வாசகர்)

ப: ஜப்பானின் என்.எச்.கே. நிறுவனம் காலையில் போடும் தொடர்களுக்குக் கால்மணி நேரம் என்பது 1960-களிலேயே நிலைத்துவிட்ட அளவு. ஓஷின் 1983 ஏப்ரல் 4 முதல் 1984 மார்ச் 31 வரை ஓடியது, 297 பகுதிகள். அந்த வரிசையில் மற்றவை அப்போது அரை வருடம்தான். இதற்கு மட்டும் முழு வருடம் கொடுத்ததற்குக் காரணம், அது அங்கே தொலைக்காட்சி தொடங்கிய 30-ம் ஆண்டு.

அன்று அது வந்த நேரம் காலை எட்டேகால். அந்நேரத்தில் தொலைக்காட்சி முன்னால் யாரும் சம்மணம் போட்டு உட்கார மாட்டார்கள். பாத்திரம் கழுவிக்கொண்டும் துணி மடித்துக்கொண்டும் காதால் பின்தொடர்வார்கள். எழுத்தாளர் ஹாஷிடா சுகாகோவின் வசனங்கள் நீளமாக, நடந்ததைத் திருப்பிச் சொல்வதாக இருப்பது அதனால்தான். ஒரே மூச்சில் பத்துப் பகுதி பார்க்கிறவர்களுக்கு இது இழுவையாகத் தெரியும். நாளுக்கு இரண்டுக்கு மேல் பார்க்காதீர்கள், இழுவை மறைந்துவிடும். அன்று ஜப்பானில் சராசரி 52.6 சதவீதமும், உச்சமாக 62.9 சதவீதமும் பார்வையாளர் விகிதம் கிடைத்தது.

சிறுமி ஓஷின் கோபயாஷி அயாகோ, இளம்பெண்ணாகவும் குடும்பத் தலைவியாகவும் தனாகா யூகோ, முதுமையில் ஒதோவா நொபுகோ. முதியவள் முதல் பகுதியிலேயே வந்துவிடுகிறாள். குடும்பத்தின் சூப்பர் மார்க்கெட் புதுக் கிளை திறக்கும் நாளில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப் போகிறாள். “இவ்வளவு சம்பாதித்த நாம் எந்த இடத்தில் பிசகினோம்?” என்பதே தொடரின் கேள்வி. சிறுமியின் அழுகைக் காட்சிகளை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் மறந்துவிடுவது இதைத்தான். நடுப்பகுதியில் 1923 நிலநடுக்கம், சாகாவில் மாமியார் வீடு, பிறகு மீன் விற்பனை என்று வரும் கட்டங்களும் பொறுமையாகப் பார்க்க வேண்டியவை.

கே: ‘ரிப்ளை 1988’ கொரியத் தொடரில் கரிக்கட்டி அடுப்பு, கிம்ச்சித் தண்ணீர், வங்கி வட்டி என்று பலதும் புரியவில்லை. (சென்னை, கல்லூரி மாணவி)

ப: முதலில் ஒன்று. 1988 தென்கொரியாவுக்குக் கஷ்ட காலமே இல்லை. ஒலிம்பிக் நடந்த, சம்பளம் ஏறிய வருடம். கதாநாயகி தொக்-சன் வீடு மட்டும் அரைப் பாதாளத்தில் கிடப்பதற்குக் காரணம், வங்கியில் வேலை பார்க்கும் அப்பா நண்பருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டது. நாடு மேலே போகும்போது ஒரு வீடு மட்டும் கீழே இருப்பது தனி வலி. அதைச் சொன்னதில்தான் இந்தத் தொடரின் நுட்பம் இருக்கிறது. ஊரே பட்டினி என்றால் கூச்சம் இருக்காது.

கரிக்கட்டி என்பது ‘யோன்தான்’. நிலக்கரித் தூளை அழுத்திச் செய்த உருளை, 22 துளை, சுமார் 3.6 கிலோ. அடுப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பார்கள். அடியில் இருப்பது சாம்பலானதும் எடுத்துவிட்டு, மேலே இருப்பதைக் கீழே இறக்கி, புதியதை மேலே வைக்க வேண்டும். துளைகள் நேருக்கு நேர் பொருந்தாவிட்டால் நெருப்பு மேலே ஏறாது. நடுராத்திரி எழுந்து மாற்றாவிட்டால் விடியும்போது தரை ஜில்லிட்டுவிடும். அதன் சூடு தரைக்கு அடியில் ஓடும் புகைவழியில் போய் அறையைக் கதகதப்பாக்குகிறது. தரையில் விரிசல் விழுந்தால் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் கசியும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர் எழுவதே இல்லை. மயங்கியவருக்குக் கிம்ச்சி (கோசு ஊறுகாய்) ஊறிய தண்ணீரைப் புகட்டுவது அந்த ஊர்க் கைவைத்தியம். பலன் கிடையாது. மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றுவதே ஆபத்து, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஜன்னலைத் திறந்து, ஆளை வெளியே தூக்கி, ஆக்சிஜன் கிடைக்கும் மருத்துவமனைக்குக் கொண்டுபோவதுதான் வழி. குளிர்காலத்தில் மூடிய அறையில் கரியடுப்பு வைத்துத் தூங்கும் பழக்கம் நம் மலையூர்களிலும் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம்.

வட்டி விஷயம்: அதே தெருவில் வசிக்கும், ‘பதுக்’ என்ற பலகை ஆட்டத்தில் கெட்டிக்காரனான தேக் என்ற பையனின் பரிசுப் பணம் 5 கோடி வொன்னை என்ன செய்வது என்று தெருவே யோசனை சொல்கிறது. வட்டி கொஞ்சம் இறங்கி 15 சதவீதம்தான் என்றாலும் வங்கியே மேல் என்கிறார் தொக்-சனின் அப்பா. இன்னொரு யோசனை, அதே விலைக்குச் சியோலின் உன்மா அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு. 15 சதவீதத்தில் பணம் ஐந்து வருடத்தில் இரட்டிக்கும், அன்றைக்கு அது அசட்டு யோசனை அல்ல. ஆனால் 2015-ல் உட்கார்ந்து பார்த்த கொரியருக்கு அந்தக் குடியிருப்பின் விலை எவ்வளவு உயரத்துக்குப் போய்விட்டது என்று தெரியும். வட்டியைக் கேட்டு ஒரு பெருமூச்சு, வீட்டைக் கேட்டு இன்னொன்று.

கே: இப்படிப்பட்ட தொடர்கள் நாலைந்து வருடத்தில் ஏன் சப்பென்று ஆகிவிடுகின்றன? (தஞ்சாவூர் வாசகர்)

ப: பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள், கஷ்டம் தீர்ந்துவிடுகிறது. இரண்டையும் எழுத்தாளரால் தடுக்க முடியாது. வால்டன்ஸ் 1973–74 பருவத்தில் அமெரிக்கா முழுவதிலும் இரண்டாம் இடம் பிடித்த தொடர். வியாழன் இரவு எதிரே நின்ற ‘ஃபிளிப் வில்சன் ஷோ’ 1974-ல் நின்றேபோனது. பிறகு எல்லன் கார்பிக்கு 1976 நவம்பரில் பக்கவாதம். 1978 மார்ச்சில் பேச்சு தடுமாறும் நிலையிலேயே திரும்பி வந்தார், பாட்டிக்கும் அப்படியே ஆனதாகக் கதையில் சேர்த்தார்கள். அடுத்த மாதமே, ஏப்ரலில், வில் கீர் காலமானார். (1950-களில் இடதுசாரி என்று ஹாலிவுட் கறுப்புப் பட்டியலில் தள்ளிவைத்த மனிதர், கடைசியில் அமெரிக்காவுக்கே தாத்தா!) அம்மாவும் காசநோய் மருத்துவமனைக்குப் போன பிறகு, ரோஸ் என்ற உறவுக்காரப் பெண்மணியை இரண்டு சிறு குழந்தைகளோடு கொண்டுவந்து இறக்கினார்கள்.

எந்தத் தொடரிலும் இது அபாயச் சங்கு. புதிதாக ஒரு அநாதைக் குழந்தையோ தூரத்து உறவோ வீட்டுக்குள் வந்தால், பழைய பிள்ளைகளுக்கு மீசை முளைத்துவிட்டது என்று அர்த்தம். ‘லிட்டில் ஹவுஸ் ஆன் தி ப்ரெய்ரி’ என்ற இன்னொரு அமெரிக்கத் தொடரிலும் ஆல்பர்ட், பிறகு ஜேம்ஸ், கஸாண்ட்ரா என்று தத்தெடுத்துக்கொண்டே போனார்கள்.

கே: அந்த ‘லிட்டில் ஹவுஸ்’ முடிவில் ஊரையே வெடிவைத்துத் தகர்த்தார்களாமே? (ஈரோடு வாசகர்)

ப: ஆமாம், 1984-ல் வந்த ‘தி லாஸ்ட் ஃபேர்வெல்’ படத்தில். கலிஃபோர்னியாவின் சிமி வேலியில் வாடகை நிலத்தில் போட்ட செட். நிலத்தைப் பழையபடி காலியாக ஒப்படைக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். எப்படியும் இடிக்கத்தானே வேண்டும், அதைக் கதையிலேயே வைத்துவிடலாம் என்று தொடரின் நாயகனும் தயாரிப்பாளருமான மைக்கேல் லாண்டன் முடிவெடுத்தார். நிலம் கைமாறிவிட்டதை அறிந்த ஊர்மக்கள், தாங்கள் கட்டியதைத் தாங்களே தகர்ப்பதாகக் காட்சி. தேவாலயமும் அந்தச் சின்ன வீடும் மட்டும் தப்பின.

கே: வால்டன்ஸை ஒரு அமெரிக்க ஜனாதிபதி தேர்தல் பேச்சில் இழுத்தாராமே? (புதுச்சேரி வாசகி)

ப: ஜார்ஜ் புஷ், மூத்தவர். 1992 ஜனவரி 27 அன்று, அமெரிக்கக் குடும்பங்கள் ‘சிம்ப்ஸன்ஸ்’ போல் இல்லாமல் வால்டன்ஸ் போல் ஆக வேண்டும் என்றார். அப்போது அங்கே பொருளாதாரம் மந்தமாகத்தான் இருந்தது. மூன்றே நாளில் சிம்ப்ஸன்ஸ் கார்ட்டூன்காரர்கள் தங்கள் மறுஒளிபரப்பின் முன்னால் ஒரு துண்டைச் சேர்த்தார்கள். ஜனாதிபதியின் பேச்சைக் கேட்டுவிட்டுச் சிறுவன் பார்ட் சொல்கிறான்: நாங்களும் வால்டன்ஸ் மாதிரிதான், பெருமந்தம் எப்போது முடியும் என்று நாங்களும்தான் வேண்டிக்கொண்டிருக்கிறோம்.